வாத்தியார் பதில்கள்: பள்ளிக்கூடத்துக்கு வயசு என்ன?

போன இதழில், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கதையைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எழுதுங்கள் என்று இரண்டே வரி போட்டிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களால் எங்கள் குரோம்பேட்டை வீட்டு சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை என்று மருமகள் புகார். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னைவாசிகள். ஊரில் இருப்பவனுக்குப் பள்ளிக்கூடம் தினம் கண்ணில் படுகிறது, கேட்க ஒன்றும் தோன்றுவதில்லை. வேளச்சேரியில் நாலாவது மாடியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அந்த வேப்பமரம் ஞாபகம் வருகிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல இடமில்லை. பொறுக்கிய சிலவற்றுக்கு மட்டும், 1972 முதல் 2009 வரை ஒன்றியப் பள்ளிகளில் சாக்பீஸ் தூசி சாப்பிட்ட அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூர் பக்கம். பள்ளியின் பழைய கட்டடத்து வாசலுக்கு மேலே ஒரு கல்லில் "ரக்தாக்ஷி ௵ ஆவணி ௴" என்று, அதாவது ரக்தாட்சி வருஷம் ஆவணி மாதம் என்று, இருக்கிறது. ரக்தாட்சி 1864-இலும் வருகிறது, 1924-இலும் வருகிறது. ஊரில் ஒரு கோஷ்டி 160 வருஷம் என்கிறது, இன்னொரு கோஷ்டி 100 என்கிறது. விழாவுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். எதைப் போடுவது?
— வாசகர், அம்பத்தூர்

நூறு என்றே போடுங்கள். எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள்.

நீங்கள் முதலில் அனுப்பிய படம் உச்சி வெயிலில் எடுத்தது. சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தெல்லாம் மூடிக்கிடந்தது. வருஷமும் மாதமும் தவிர எதுவும் தெரியவில்லை. அதனால்தான் உங்களைப் போனில் கூப்பிட்டு, கல்லை ஈரத் துணியால் துடைத்துவிட்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வெயில் பக்கவாட்டில் விழும்போது இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். சாய்ந்த வெயிலில் வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், படிக்கலாம். இரண்டாவது படத்தில் கீழ் வரி தெளிவாக வந்துவிட்டது: "தாலுகா போர்டு எலிமெண்டரி ஸ்கூல்".

அதோடு வழக்கு தீர்ந்தது. தாலுகா போர்டு என்ற உள்ளாட்சி அமைப்பே 1884-ஆம் வருஷத்து மதராஸ் ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தில்தான் பிறந்தது. 1934-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். 1864-இல் அந்தப் பெயரைக் கல்லில் வெட்ட ஆளே இல்லை. ஆகவே 1924 ஆவணி. நம் வருஷக் கணக்கில் இதுதான் சிக்கல். அறுபதாம் கல்யாணத்துக்கு மட்டும் வசதியாக இருக்கிறது, பிறந்த வருஷம் திரும்பி வந்துவிடுகிறது. சரித்திரம் எழுதுகிறவனுக்குத் தலைவலி. பத்திரங்களில் பசலி என்ற நிலவரி வருஷம் இருந்தால் பரவாயில்லை, 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும். பசலி 1334 என்றால் 1924 ஜூலையில் தொடங்கியது.

160 கோஷ்டியை ஒரேயடியாகக் கேலி செய்து விடாதீர்கள். கல் கட்டடத்தின் வயசைத்தான் சொல்கிறது. அதற்கு முன்னால் அதே தெருவில் யாராவது ஒரு வாத்தியார் திண்ணையில் நடத்திக்கொண்டிருந்ததை போர்டு எடுத்துக்கொண்டிருக்கலாம். பல ஊர்களில் அப்படித்தான் நடந்தது. அந்தக் காலத்தில் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சை செய்து, எத்தனை பேர் தேறினார்களோ அதற்குத் தக்கபடி வாத்தியாருக்கு மானியம் கொடுக்கும் முறை மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அந்த மாதிரி ஒரு திண்ணைக்காரர் உங்கள் ஊரில் இருந்தாரா என்று கிழவர்களிடம் விசாரியுங்கள். இருந்தால் நோட்டீஸில் அவருக்கும் ஒரு வரி போடலாம்.

இன்னொன்று. ஓட்டைப் பார்த்தீர்களா? மங்களூர் ஓடாக இருந்தால் அடிப்பக்கத்தில் கம்பெனி முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்ற பாதிரிமார் சங்கம் 1865-இல் மங்களூரில் ஓட்டுச் சூளை போட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் சொத்து கைமாறி காமன்வெல்த் டிரஸ்ட் ஆனது. முத்திரையை வைத்து ஓடு எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லலாம். ஆனால் ஓடு உடைந்தால் மாற்றுவார்கள், வேறு வீட்டில் பிரித்ததைக் கொண்டுவந்து போடுவார்கள். ஓட்டைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பை அதனிடம் விடாதீர்கள்.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நம் கிராமங்களில் பள்ளிக்கூடமே கிடையாது என்கிறான் என் பேரன். நான் இருந்தது என்கிறேன். யார் சொல்வது சரி?
— வாசகி, மயிலாப்பூர்

நீங்கள் சொல்வது. ஆனால் பேரன் வேறு ஒரு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள், அதையும் சொல்கிறேன்.

கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் ஜில்லா கலெக்டர்களுக்கெல்லாம் எழுதி, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கணக்குக் கேட்டார். 1826-இல் தொகுத்தபோது வந்த கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். மாகாண ஜனத்தொகை ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான், அவன்தான் சட்டாம்பிள்ளை.

இந்தச் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை நம் எழும்பூரில்தான் நடந்தது. அங்கே வெள்ளைக்காரப் பட்டாளத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கு இருந்த விடுதியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பள்ளி நடத்தினார். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பையன்களை வைத்தே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பி 1797-இல் அதை அச்சிட்டார். இங்கிலாந்தில் அதற்கு "மதராஸ் முறை" என்றே பெயர். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் மதராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இருக்கிறது. நம் ஊர் மதராஸைக் கைகழுவி சென்னை ஆகிவிட்டது, அவர்கள் விடவில்லை.

இனி பேரன் கேட்கக்கூடிய கேள்வி. அந்த 1,88,650-இல் பெண் பிள்ளைகள் எத்தனை? 4,540. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பாட்டி, நீங்கள் அன்றைக்குப் பிறந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா என்று கேட்பான். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவின் ரெக்கார்டு ஷீட்டில் பிறந்த தேதி 1.6.1948. ஆனால் என் பாட்டி, "தைப்பூசத்துக்கு மறுநாள் பொறந்தான்" என்று சாகும்வரை சொன்னார். யாரை நம்புவது?
— வாசகர், பெரம்பூர்

பாட்டியை. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

அந்தத் தலைமுறையில் கிராமத்துப் பிள்ளைகளில் ஏகப்பட்ட பேர் மே, ஜூனில்தான் பிறந்தார்கள், ரெக்கார்டு ஷீட்படி. பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். தகப்பனார் பையனை இழுத்துக்கொண்டு வருவார், தேதி கேட்டால் "புயலடிச்ச வருஷம்" என்பார். வாத்தியார் பையனின் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது. சேர்க்கும் நாளுக்கு ஐந்து முடிந்திருக்கும்படி ஒரு தேதியைக் கணக்குப் போட்டு எழுதுவார். நானே எழுதியிருக்கிறேன். அரசு வேலைக்குப் போனவர்கள் பலர், வாத்தியார் எழுதிய பிறந்த தேதிப்படிதான் ரிட்டயர் ஆனார்கள். என்னிடம் படித்த ஒருவர் போன் செய்து, "ஐயா, நீங்க ஒரு வருஷம் குறைச்சுப் போட்டிருந்தா இன்னும் ஒரு இன்கிரிமெண்ட் வந்திருக்கும்" என்றார். கை நீளமான பையன், நான் என்ன செய்ய?

"நாங்கள் அரை நாள்தான் பள்ளிக்கூடம் போனோம்" என்கிறார் 1953-இல் திருவண்ணாமலை பக்கம் மூன்றாம் வகுப்பு படித்த என் மாமனார். ஷிப்ட் முறையா?
— வாசகர், கே.கே. நகர்

ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திட்டம். 1953 ஜூனில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மட்டும் அமலுக்கு வந்தது. மூன்று மணி நேரம் பள்ளி, இரண்டு தொகுதியாகப் பிள்ளைகள். மீதி நேரம் தகப்பனின் தொழிலைக் கற்றுக்கொள்வது. எதிர்த்தவர்கள் வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். அந்தப் பெயர்தான் நின்றது. ராஜாஜி விலகி, 1954 ஏப்ரலில் காமராஜர் வந்தார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது. ஆக உங்கள் மாமனார் அனுபவித்தது ஒரே ஒரு பள்ளி வருஷம்.

அவரிடம் ஒன்று கேட்டு எனக்கு எழுதுங்கள்: மறு பாதி நாளில் அவர் என்ன செய்தார்? அவர் பக்கத்தில் உட்கார்ந்த பையன் என்ன செய்தான்? சட்டசபைப் பேச்சுகள் அச்சில் இருக்கின்றன. அந்தப் பையன்கள் மத்தியானம் எங்கே போனார்கள் என்பது எதிலும் இல்லை.

எங்கள் ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி, காலனியில் ஒரு தொடக்கப் பள்ளி. ஏன் இரண்டு? நூற்றாண்டு மலரில் இதை எழுத வேண்டாம் என்கிறார்கள்.
— வாசகர், தாம்பரம்

எழுதுங்கள். மலரிலேயே முக்கியமான பக்கம் அதுதான்.

காலனிப் பள்ளியை வயசானவர்கள் "லேபர் ஸ்கூல்" என்று சொல்கிறார்களா, கேட்டுப் பாருங்கள். தொழிற்சாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1920 வாக்கில் மதராஸ் சர்க்கார் ஒடுக்கப்பட்ட மக்களுக்கான வேலைகளை லேபர் கமிஷனர் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தது. வீட்டு மனை, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பள்ளிகள்தான் பிறகு அரிசன நலப் பள்ளி ஆகி, இப்போது ஆதிதிராவிடர் நலப் பள்ளி. அதனால்தான் ஒரே ஊரில் ஒரு பள்ளி ஒன்றியத்தின் கீழும் இன்னொன்று வேறு துறையின் கீழும் இருக்கின்றன. அதற்கும் முன்னால், சென்னையிலேயே தியசாபிகல் சொசைட்டியின் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறு பக்கம் பறையர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பெசன்ட் நகர் போகிறவர்கள் அவர் பெயரில் உள்ள பள்ளியைப் பார்த்திருப்பீர்கள், அதன் வேர் அதுதான்.

லேபர் ஸ்கூல் எதற்கு வந்தது? போர்டு ஸ்கூல் எல்லோருக்கும் பொது என்றுதான் காகிதத்தில் இருந்தது. பள்ளி இருந்த தெருவில் நடக்க விட்டால்தானே உள்ளே நுழைவது? மதுராந்தகத்துக்கு மேற்கே எங்கள் ஊர் போர்டு ஸ்கூலின் முதல் சேர்க்கைப் பதிவேட்டை நான் வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். முதலியார், நாயகர், பிள்ளை, ஐயர், ஆசாரி, இரண்டு சாயபு வீட்டுப் பிள்ளைகள். சேரியிலிருந்து ஒரு பெயர்கூட முதல் பல பக்கங்களில் இல்லை. யாரும் "சேர்க்க மாட்டோம்" என்று எழுதி வைக்கவில்லை. சாதிக் கலத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனால் தெரிந்துவிடுகிறது.

மலர்க் குழுவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இடம் கொடுத்த பண்ணையாருக்கு முழுப் பக்கம் போட்டோ போடுகிறோம், காலனிப் பள்ளியில் தட்டிக் கூரைக்குக் கீழே முதல் பத்து வருஷம் நடத்திய வாத்தியாருக்கு அரைப் பக்கமாவது கொடுக்கலாமா? அவர் பெயர் காலனியில் இன்றைக்கும் தெரிந்திருக்கும்.

மதிய உணவு காமராஜர் 1956-இல் கொண்டுவந்தது. என் தாத்தா 1930-களில் மாநகராட்சிப் பள்ளியில் சாப்பிட்டேன் என்கிறாரே, பிசகா?
— வாசகி, ராயப்பேட்டை

பிசகில்லை. உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-இல் தொடங்கியது. சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த காலம். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பிறகு சில பள்ளிகளுக்குப் பரவியது, நடுவில் நின்றது, மறுபடி வந்தது. மாகாணம் முழுக்கக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது காமராஜர், 1956-இல், எட்டயபுரத்தில். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் அதைச் சத்துணவாக விரித்தார். காலை உணவு 2022 செப்டம்பரில்.

நான் சாப்பிட்டது நடுவில் வந்த அமெரிக்காக்காரன் உப்புமா. 1961-இலிருந்து கேர் என்ற அமைப்பு மக்காச்சோள மாவு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் அனுப்பியது. மஞ்சளாக, கொஞ்சம் கசப்பாக, அலுமினியத் தட்டில் ஒட்டிக்கொண்டு இருக்கும். எண்ணெய் டின் காலியானால் அதற்கு அடிதடி. எங்கள் ஊரில் பாதி வீட்டில் அரிசி கொட்டி வைத்தது அந்த டின்னில்தான். பள்ளியின் சொத்துப் பதிவேட்டில் அது ஏறாது.

பள்ளி இருக்கும் 40 சென்ட் எங்கள் பெரிய தாத்தா கொடுத்தது. பத்திரம் எதுவும் இல்லை. இப்போது பங்காளிகளில் ஒருவர் பட்டா என் பெயரில் இருக்கிறது என்கிறார்.
— வாசகர், வில்லிவாக்கம்

வாய்வார்த்தை தானத்தில் வந்த வினை. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தால் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும் என்பது சட்டம். ஆனால் அன்றைக்குக் கொடுத்தவர்கள் பள்ளிக்கூட டெபுடி இன்ஸ்பெக்டர் எதிரில், வெற்றிலை பாக்கோடு "எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் தாலுகா ஆபீஸில் "அ" பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், இப்போது இணையத்திலும் பார்க்கலாம். பள்ளிக்கூடம் என்றோ சர்க்கார் என்றோ இருந்தால் பங்காளியின் பேச்சு எடுபடாது. சார்பதிவாளர் ஆபீஸில் பழைய காலத்துக்கு வில்லங்கம் போட்டுத் தேடினால் யாரும் எதிர்பார்க்காத ஒரு தானசாசனம் அகப்படுவதும் உண்டு. இல்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரையும் ஊராட்சியையும் சேர்த்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். குடும்பத்துக்குள் பேசி இப்போதே ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் அதைவிட நல்லது. பெரிய தாத்தாவின் பெயரைப் பள்ளிச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். பங்காளியின் கோபத்தில் பாதி அதில் தணியும். அனுபவத்தில் சொல்கிறேன்.

பள்ளி வரலாறு எழுதப் போகிறோம். ஆவணங்களை எங்கே தேடுவது?
— முன்னாள் மாணவர்கள், அண்ணா நகர்

சென்னையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்கிறீர்களே. எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே சிவப்புக் கட்டடம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய கல்வித் துறை அரசாணைகள், ஜில்லா போர்டு சம்பந்தப்பட்ட காகிதங்கள் எல்லாம் அங்கே. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கன்னிமாரா நூலகத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஜில்லாக் கையேடுகள் கிடைக்கும். 1971 கையேட்டில் ஊர் ஊராகப் பள்ளி இருக்கிறதா என்று போட்டிருக்கும். உங்கள் ஊர் எந்தக் காலத்தில் எந்த ஜில்லாவில் இருந்தது என்று முதலில் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் செங்கல்பட்டுக் கட்டைப் புரட்டிவிட்டு வட ஆற்காடு என்று தெரியும்போது மணி ஐந்தாகியிருக்கும்.

ஆனால் எழும்பூருக்கு முன்னால் பள்ளியின் பீரோ. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போன பார்வைக் குறிப்பு. பள்ளியின் பெயர் மாறிய வரிசையே ஒரு சரித்திரம்: தாலுகா போர்டு, ஜில்லா போர்டு, அறுபதுகளில் பஞ்சாயத்து யூனியன், பிறகு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ரப்பர் ஸ்டாம்பை மட்டும் தேதிவாரியாகப் பார்த்தாலே போதும். எங்களுக்கு 1981 ஜூனில் அரசு ஊழியர் என்ற அந்தஸ்து வந்தது, அதற்கு முன் சம்பளப் பட்டியல் யார் கையெழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பார்க்க விடவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஆனால் தலைமையாசிரியரிடம் ஒரு காபி சாப்பிட்டபடி கேட்பது அதைவிட சீக்கிரம்.

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1987-இல் ஒரு சின்னப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனேன். மாடத்தில் பழைய பதிவேடுகள் இரண்டு கட்டு, சணல் கயிறு போட்டுக் கட்டியது. பிரித்தால் கரையான். மேலட்டை இருந்தது, உள்ளே மண். நடுவில் சில தாள் மட்டும் நன்றாக இருந்தது, கறுப்பு மையில் சாய்வெழுத்து. ஆண்டு ஆய்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அறை சுத்தமாக இருக்க வேண்டுமே என்று கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொளுத்தினேன். சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம், அழிக்கவே கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த வருஷம் ஒரு பெரியவர் நடந்து வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு வயசுச் சான்று. "இங்கதான் சாமி படிச்சேன், அந்தத் தூணுக்குப் பக்கத்துல உக்காருவேன்" என்று தூணைக் காட்டினார். பீரோவைத் திறந்து தேடுவதுபோல் தேடினேன். இல்லை என்று சொன்னேன். எரித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

உங்கள் பள்ளியில் கரையான் அரித்த கட்டு இருந்தால் போனில் ஒரு தாள் விடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரித்த தாளையும் எடுங்கள்.

என் அம்மா கிராமத்தில் அஞ்சாவது வரை படித்தவர். இப்போது இல்லை. அந்தப் பள்ளிக்குப் போனால் அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா? போவதற்கே கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, கோடம்பாக்கம்

போங்கள் அம்மா. ஒரே ஒரு வரி கிடைக்கும். சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, நீங்கிய காரணம். சேர்ந்த வருஷம் தோராயமாகத் தெரிந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் தேடிவிடலாம். ஜூன், ஜூலையில் போகாதீர்கள், அட்மிஷன் நேரம், வாத்தியார்கள் எரிந்து விழுவார்கள். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு போங்கள்.

என் அக்கா எங்கள் ஊர்ப் பள்ளியில்தான் படித்தாள், எனக்கு நாலு வயசு மூத்தவள். நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். தம்பி நான் பிறந்து, இன்னொரு தம்பியும் பிறந்து, தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. என்னைப் பள்ளியில் சேர்த்த வருஷம்தான் அவளை நிறுத்தினார்கள் என்பதை நான் பதிவேட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் கவனித்தேன். என் வரியும் அவள் வரியும் வேறு வேறு பக்கம். என்னுடைய "சேர்ந்த தேதி"யும் அவளுடைய "நீங்கிய தேதி"யும் பத்து நாள் வித்தியாசம். காரணம் என்ற கலத்தில் "குடும்ப நிலை" என்று எழுதியிருந்தார் எங்கள் வாத்தியார். அழகான கையெழுத்து.

படம் எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். நான் அந்தக் கலத்தை விரலால் காட்டினேன். அவள் பார்வை அங்கே போகவில்லை. அவள் வரிக்கு அடுத்த வரி, அடுத்த சேர்க்கை எண். அதே நாளில் சேர்ந்து, அதே மாதத்தில் நீங்கிய இன்னொரு பெண்.

"இவ எங்க இருக்கான்னு விசாரிச்சியாடா?" என்றாள்.

நான் விசாரிக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அந்தத் தெருவில் கேட்க வேண்டும்.